வேர்களுக்குத் திரும்புதல்: டொலி பார்ட்டனின் புளுகிராஸ் இசைத்தொகுப்புகள் பற்றிய ஒரு நோக்கு

முதிர்ந்த கலைஞரொருவர் தமது இளமைக்காலச் சூழலுக்குரிய கலைமரபை மீண்டும் கைக்கொள்ளும்போது அதனை ‘வேர்களுக்குத் திரும்புதல்’ என்று போற்றுவது விமரிசன உலகில் வழக்காகிவிட்டது. தொடர் வசதியானது; அதனாலேயே அது சிந்தனையைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுகின்றது. திரும்பியவர் எதற்குத் திரும்பினார், அஃது அவர் விட்டுச் சென்றதுதானா, எத்தகைய பொருளாதார நிலைமை அவரைத் திரும்பவிட்டது, திரும்பி வருகையில் எதனைக் கொண்டுவந்தார், எதனை வழியில் விட்டுவிட்டார் என்னும் வினாக்கள் எழாமலே போகின்றன. அமெரிக்க ஐக்கிய நாட்டின் கன்ட்ரி இசைப் பாடகியான டொலி பார்ட்டன் 1999 முதல் 2002 வரை வெளியிட்ட ‘த கிராஸ் இஸ் புளூ’, ‘லிற்றில் ஸ்பரோ’, ‘ஹேலோஸ் அன்ட் ஹோர்ன்ஸ்’ ஆகிய மூன்று இசைத்தொகுப்புகளும் இவ்வினாக்களை எழுப்புவதற்கு மிகப் பொருத்தமானவை. மின்பெருக்கமற்ற நரம்புக் கருவிகளை முதன்மையாகக் கொண்டு, புளுகிராஸ் பாணியை ஒட்டி அமைந்த இத்தொகுப்புகளை அவருடைய சிறந்த ஆக்கங்களுள் வைத்தெண்ணுவோர் பலர். அக்கணிப்புச் சரியானதே. அதற்கு வழமையாகக் கூறப்படும் காரணந்தான் ஆராயத்தக்கது.

பார்ட்டன் 1946 இல் டென்னசி மாநிலத்தின் கிழக்கே, ஸ்மோக்கி மலைத்தொடரை அடுத்துள்ள செவியர் கவுண்டியிற் பிறந்தவர். பன்னிரண்டு பிள்ளைகளுள் நான்காமவர். தந்தை புகையிலை பயிரிட்ட ஏழை விவசாயி. எழுத வாசிக்க அறியாதவர். பிரசவம் பார்த்த வைத்தியருக்கு ஒரு மூடை சோளமாவே கூலியாகக் கொடுக்கப்பட்டது என்பது பார்ட்டன் பலமுறை கூறிய செய்தி. தாய் பழைய கதைப்பாடல்களைப் பாடுபவர். தாய்வழிப் பாட்டனாரோ வயலின் வாசிக்கத் தெரிந்த போதகர். பத்து வயதளவில் நொக்ஸ்வில் நகரின் ஒலிபரப்பு நிகழ்ச்சிகளிற் பாடத் தொடங்கிய பார்ட்டன், 1964 இல் பாடசாலைக் கல்வியை முடித்த மறுநாளே கன்ட்ரி இசைக் கைத்தொழிலின் தலைநகராகிய நாஷ்வில்லுக்குப் புறப்பட்டார். 1967 முதல் போட்டர் வாகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிற் பங்குகொண்டு புகழ்பெற்று, 1974 இல் அவரைப் பிரிந்து தனிவழி சென்றார். கந்தற் துணிகளை ஒட்டித் தாய் தைத்துக் கொடுத்த மேலங்கியைப் பாடும் ‘கோட் ஒவ் மெனி கலர்ஸ்’ 1971 இலும், ‘ஜோலீன்’ 1973 இலும் வெளிவந்தன. அவருடைய பாடலாக்கத் திறன் முழுமை பெற்ற காலம் அதுவே.

அதன்பின் வந்தது பொப் இசைக்காலம். 1977 இல் வெளியான ‘ஹியர் யூ கம் அகெய்ன்’ நியூயோர்க்கின் தொழில்முறைப் பாடலாசிரியர்களான பரி மான், சிந்தியா வைல் இருவரும் எழுதியது. 1980 இல் ‘நைன் ரு ஃபைவ்’ திரைப்படம். அதன் தலைப்புப் பாடல் 1981 இல் நாடளாவிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1983 இல் கென்னி ரொஜர்சுடன் பாடிய இணைப்பாடல், 1986 இல் பிறந்தகத்தை அடுத்த பிஜன் ஃபோர்ஜ் நகரில் ‘டொலிவூட்’ என்னும் பொழுதுபோக்குப் பூங்கா என வணிக வெற்றிகள் தொடர்ந்தன. வேர்க்கோட்பாட்டினர் இந்த இருபதாண்டையும் வழிதவறிய காலமாகவே காண்பர். தவறிய மகள் வீடு திரும்பிய கதை அவர்களுக்குத் தேவைப்படுகின்றது. கதை நல்லதுதான்; ஆனால் உண்மைகள் அதற்கு இடங்கொடுக்கவில்லை.

தொண்ணூறுகளில் கன்ட்ரி வானொலி புதிய முகங்களையே நாடியது. 1996 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு கம்பனி நாடளாவிய ரீதியில் உடைமையாக வைத்திருக்கக்கூடிய வானொலி நிலையங்களின் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பை நீக்கியபின், நிலையங்கள் பெருங்கம்பனிகள் சிலவற்றின் கையிற் குவிந்தன. ஒலிபரப்பாகும் பாடல்களின் வட்டமும் சுருங்கியது. ஐம்பது வயதைக் கடந்த பெண்ணொருத்திக்கு அவ்வட்டத்தில் இடமில்லை. 1998 இல் பார்ட்டன் ‘ஹங்ரி அகெய்ன்’ என்ற தொகுப்பை முழுவதும் தமது சொந்தப் பாடல்களைக் கொண்டே உருவாக்கினார். வானொலி அதனைப் பொருட்படுத்தவில்லை. அதனை வெளியிட்ட டெக்கா நிறுவனத்தின் நாஷ்வில் கிளையும் விரைவில் மூடப்பட்டது. இந்நிலையிற்றான் தயாரிப்பாளர் ஸ்டீவ் பக்கிங்ஹாமுடன் இணைந்து, வட கரோலைனா மாநிலத்தில் 1978 இல் தொடங்கப்பெற்ற சுகர் ஹில் என்னும் சிறு நிறுவனத்தின் வாயிலாக ‘த கிராஸ் இஸ் புளூ’ 1999 இல் வெளியிடப்பட்டது. ஆகவே இத்திருப்பத்துக்கு முதற்காரணம் வீட்டு நினைவு அன்று, சந்தை கதவடைத்தமையே. ‘ஓ பிரதர், வெயர் ஆர்ட் தௌ?’ திரைப்படத்தின் இசைத்தட்டுப் பழைய மலைப்புற இசைக்குப் பெரும் வாடிக்கையை உண்டாக்கியது 2000 ஆம் ஆண்டின் இறுதியிலாகும். எனவே பார்ட்டன் புதிய நாகரிகமொன்றைப் பின்பற்றினார் என்ற குற்றச்சாட்டுக்கும் இடமில்லை.

இன்னொரு காரணம் இதனிலும் முக்கியமானது. தாம் எழுதி 1974 இல் வெளியிட்ட ‘ஐ வில் ஓல்வேய்ஸ் லவ் யூ’ என்ற பாடலை எல்விஸ் பிறெஸ்லி பாட விரும்பியபோது, அவருடைய முகாமையாளர் பாடலின் பதிப்புரிமையிற் பாதியைக் கேட்டார், பார்ட்டன் மறுத்துவிட்டார். 1992 இல் விற்னி ஹூஸ்டன் அதே பாடலைப் பாட, அது விற்பனைப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் நின்றது. உரிமைக் கட்டணம் பார்ட்டனையே சேர்ந்தது. இவ்வருவாயும் பூங்காவின் இலாபமும் இருந்தமையாற்றான், விற்பனையைப் பற்றிக் கவலையுறாது ஒரு சிறு நிறுவனத்திற் பாட அவராலியன்றது. மறுபடியும் ஏழையைப்போலப் பாடுவதற்குத் தாம் முதலிற் செல்வந்தராக வேண்டியிருந்தது என்ற கருத்தில் அவரே வேடிக்கையாகக் கூறியதுண்டு. வேடிக்கையாகச் சொல்லப்பட்டதாயினும், இத்தொகுப்புகளைப் பற்றி எழுதப்பட்ட பல கட்டுரைகளைவிட அக்கூற்று உண்மைக்கு அண்மையில் நிற்கின்றது. வேருக்குத் திரும்பும் சுதந்திரத்தை வாங்கிக் கொடுத்தது, வேரை விட்டுச் சென்ற காலத்தின் சம்பாத்தியமே.

இனி, அவர் திரும்பிய இடம் யாது என்பது கவனிக்கத்தக்கது. புளுகிராஸ் தொன்மையான நாட்டார் இசையன்று. 1911 இல் கென்ரக்கியிற் பிறந்த பில் மன்றோ, தமது மாநிலத்தின் பெயரடையை ஒட்டித் தமது குழுவுக்கு ‘புளூ கிராஸ் போய்ஸ்’ எனப் பெயரிட்டு, 1939 இல் நாஷ்வில்லின் ‘கிராண்ட் ஓல் ஒப்ரி’ வானொலி அரங்கில் ஏறினார். 1945 இன் இறுதியில் ஏர்ள் ஸ்கிறக்ஸ் மூன்று விரல்களால் மீட்டும் பாஞ்சோவுடன் அக்குழுவிற் சேர்ந்ததும் இப்பாணி இன்றறியப்படும் வடிவத்தைப் பெற்றது. இவ்வகையில் அது பார்ட்டனைவிடச் சற்றே மூத்தது! அதன் கருவிகளை நோக்கினும் தூய்மை என்ற பேச்சுக்கு இடமில்லை. பாஞ்சோ ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் வழி வந்தது, வயலின் மெட்டுக்கள் பிரித்தானிய, அயர்லாந்துக் குடியேறிகளுடன் வந்தவை, மண்டலின் இத்தாலிக்குரியது, டொப்ரோ என்ற உலோக ஒலியகக் கிற்றாரைச் செய்தவர்கள் சுலோவாக்கியாவிலிருந்து குடியேறிய சகோதரர்கள். மன்றோ தமது இளமையில் ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கிற்றார்க் கலைஞரிடமிருந்து பெற்றதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டவர். வானொலி, ஒலிப்பதிவு, கூலிக்கு வாசிக்கும் கலைஞர் குழு ஆகியன சேர்ந்து உண்டாக்கிய நவீன இசை இது. அதில் ‘போய்ஸ்’ என்ற சொல்லும் தற்செயலானதன்று. நெடுங்காலம் அது ஆண்களின் அரங்காகவே இருந்தது; ஹேசல் டிக்கன்ஸ், அலிஸ் ஜெறாட் ஆகிய இரு பெண்கள் 1965 இல் வெளியிட்ட இசைத்தட்டு அவ்வரங்கில் ஒரு புதுமையாகக் கொள்ளப்பட்டது.

பார்ட்டன் பிறந்த வீட்டின் இசை வேறு. அது தாய் அடுக்களையிற் பாடிய கதைப்பாடல்; தேவாலயத்திற் பாடிய துதிப்பாடல். பக்கவாத்தியம் இருப்பின் ஒரு கிற்றார், இல்லாவிடின் அதுவுமில்லை. ஆங்கிலேய ஆய்வாளரான செசில் ஷார்ப், மோட் கார்ப்பலிஸ் அம்மையாருடன் 1916 முதல் 1918 வரை அம்மலைப்பகுதிகளிற் சுற்றிச் சேகரித்தவை இவ்வகைப் பாடல்களே. (தாய்நாட்டில் அழிந்துகொண்டிருந்த ஆங்கிலப் பாடல்களைத் தேடி வந்த அவர், பாஞ்சோவையும் கறுப்பின மக்களின் பாடல்களையும் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை என்பதும் வேர் தேடுவோர் பற்றிய வரலாற்றில் ஒரு பாடம்.) ஆகவே பார்ட்டன் விட்டுச் சென்றது ஒன்று, திரும்பி வந்தது இன்னொன்று. பெண்களின் வீட்டுப் பாடலை விட்டுச் சென்றவர், ஆண்களின் மேடை இசையின் வழியாக அதனைத் தேடி வந்தார். மூன்று தொகுப்புகளின் வெற்றியும் தோல்வியும் இவ்விரு இசைகளுக்கும் இடையிலுள்ள இழுபறியிலேயே தங்கியுள்ளன.

முதலாவது தொகுப்பிற் கருவியிசைக்கென அழைக்கப்பட்டோர் அத்துறையின் முதல்வரிசைக் கலைஞர்கள்: டொப்ரோவில் ஜெறி டக்ளஸ், மண்டலினில் சாம் புஷ், வயலினில் ஸ்ருவட் டங்கன், கிற்றாரில் பிறையன் சற்றன், பாஞ்சோவில் ஜிம் மில்ஸ். துணைக்குரல் கொடுத்தோருள் அலிசன் கிறவுஸ், பற்றி லவ்லெஸ், றொண்டா வின்சென்ற் ஆகியோர் அடங்குவர். வாசிப்பில் எவ்விடத்தும் குறை காணவியலாது. அதுவே சிற்சில இடங்களிற் குறையாகவும் அமைந்துவிடுகின்றது. ‘ட்ரெயின், ட்ரெயின்’ போன்ற விரைநடைப் பாடல்களில் வாத்தியங்கள் ஒன்றையொன்று முந்த, பாடகி அவற்றின் பின்னால் ஓடவேண்டியவராகின்றார். கேட்போர் வியப்பர், ஆயின் பாடலிற் சொல்லப்பட்டது எதுவும் மனத்திற் படிவதில்லை. தொகுப்பின் தொடக்கமாகவுள்ள ‘ட்ராவலின் பிறேயர்’ வேறு வகையாற் சுவையானது. அது நியூயோர்க்கரான பில்லி ஜோல் 1973 இல் நாட்டுப்புறப் பாணியைப் பின்பற்றிப் பாஞ்சோவுடன் பதிவுசெய்த பாடல். நகரம் கிராமத்தைப் பார்த்துச் செய்த போலியைக் கிராமத்து மகள் எடுத்துத் தன்னுடையதாக்கிக் கொள்கின்றார். மரபு என்பது பழம்பொருட்களின் பட்டியலன்று, கைக்கு வந்ததைத் தன்வயமாக்கும் செய்முறை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அத்தொகுப்பில் இல்லை.

‘சில்வர் டகர்’ என்ற பழைய கதைப்பாடலிலேயே தொகுப்பின் உண்மையான உயரம் புலப்படுகின்றது. ஆடவரின் வஞ்சகத்தை அறிந்த தாய், மகளைக் காப்பதற்காக வெள்ளிக் கத்தியோடு உறங்குகின்றாள். மகள் அத்தாயின் கசப்பையே தன் வாழ்வாக ஏற்றுக் காதலனை விலக்குகின்றாள். இங்கு வாத்தியங்கள் பின்வாங்கி நிற்க, பார்ட்டனின் மெல்லிய நடுக்கமுடைய உச்சக்குரல் தனித்து ஒலிக்கின்றது. ஐம்பத்துமூன்று வயதில் அக்குரலிற் சிறிது கரகரப்பு ஏறியிருந்தது. பொப் காலத்திற் பல தடங்களாக அடுக்கி மெருகேற்றப்பட்ட குரலில் அதனைக் கேட்க வாய்ப்பிருந்திராது. மகளின் சொற்களைப் பாடுபவர் வயதால் தாயின் இடத்தில் நிற்பதனாற் பாடலுக்கு ஒரு புதிய பொருளும் சேர்கின்றது. தலைப்புப் பாடலைப் பொறுத்தவரை, புளுகிராஸ் என்ற பெயரையே புரட்டிப்போட்ட சொல்விளையாட்டு அது. பிரிவாற்றாதவளொருத்தி தன் துயரை மறுப்பதற்காக இயற்கையின் நிறங்களையும் ஒழுங்குகளையும் தலைகீழாக்கிக் கூறுகின்றாள். சாதுரியமாகத் தொடங்கும் அது முடிவில் உண்மையான வலியாகின்றது.

2001 இல் வந்த ‘லிற்றில் ஸ்பரோ’ இம்மூன்றினுள்ளும் ஆழமானது. தலைப்புப் பாடல் பார்ட்டனே எழுதியது. இளம் பெண்களை விளித்து ஆடவரின் வஞ்சகத்தை எச்சரிக்கும் பழைய கதைப்பாடல் வாய்பாட்டைத் தழுவியது. எது பழையது, எது புதியது என்று பிரித்தறிய இயலாதவாறு அது அமைந்துள்ளமை எளிய காரியமன்று. எனினும் விமரிசகர் நின்று கவனிக்க வேண்டிய பாடல் ‘டவுன் ஃபுறொம் டோவர்’. மணமாகாது கருவுற்ற இளம்பெண், பெற்றோரால் விலக்கப்பட்டு, வருவதாகச் சொல்லிச் சென்றவனை எதிர்பார்த்து, இறுதியில் உயிரற்ற குழந்தையைப் பெறும் கதை அது. பார்ட்டன் அதனை 1970 இலேயே பதிவுசெய்திருந்தார். பொருளின் கடுமையால் அக்கால வானொலிக்கு அது ஏற்றதாகவில்லை. முதற்பதிவில் அக்கால நாஷ்வில்லின் இசையமைப்பு, கதையைத் திரைப்படக் காட்சிபோல முன்தள்ளிச் செல்கின்றது. 2001 இன் பதிவு நிதானமானது. காத்திருப்பின் நீளத்தைக் கேட்போர் உணர முடிகின்றது. ஒரே பாடல், ஒரே பாடகி, இடையில் 31 ஆண்டுகள். கருவிகளின் மாற்றம் பாடலின் பொருளையே மாற்றுவதற்கு இவ்விரு பதிவுகளையும் அருகருகே வைத்துக் கேட்பது போதுமானது. இதற்கு நேர்மாறாக, 1934 இன் நாடக மேடைக்குக் கோல் போர்ட்டர் எழுதிய ‘ஐ கெட் எ கிக் அவுட் ஒவ் யூ’ இத்தொகுப்பில் இடம்பெற்றமை வெறும் திறமை காட்டலே. ‘ஷைன்’ என்ற றொக் பாடலைப் பாடியதற்கு கிராமி விருது கிடைத்தது. அது ‘டவுன் ஃபுறொம் டோவ’ருக்குக் கிடைத்திருப்பின் இன்னும் பொருத்தமாயிருந்திருக்கும்.

இதுவரை கூறியவை உருவத்தைப் பற்றியன. உள்ளடக்கத்துக்கு வருகையில் ஒரு முரண்பாடு எதிர்ப்படுகின்றது. அப்பலாச்சிய மலைப்பகுதி காதலும் மரணமும் பக்தியும் மட்டும் நிறைந்த உலகன்று. அது நிலக்கரிச் சுரங்கங்களின் உலகம், தொழிற்சங்கப் போராட்டங்களின் உலகம். முதலாவது தொகுப்பிற் பார்ட்டன் ஹேசல் டிக்கன்ஸின் பாடலொன்றைச் சேர்த்துக்கொண்டார். மேற்கு வேர்ஜீனியாவில் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்த டிக்கன்ஸ், நிலக்கரித் தூசியால் நுரையீரல் அழிந்து இறந்தோரைப் பற்றியும் தொழிலாளர் எதிர்ப்பைப் பற்றியும் கூர்மையான பாடல்களை எழுதியவர். பார்ட்டன் தெரிந்தெடுத்ததோ ‘எ ஃபியூ ஓல்ட் மெமறிஸ்’ என்ற காதல் நினைவுப் பாடல். பாடல் அழகானது, தெரிவுதான் சிந்திக்க வைக்கின்றது. இதனை 1980 இல் வெளியான ‘நைன் ரு ஃபைவ் அன்ட் ஒட் ஜொப்ஸ்’ தொகுப்புடன் ஒப்பிடுதல் வேண்டும். வழிதவறிய காலத்தின் உச்சமென வேர்க்கோட்பாட்டினர் ஒதுக்கிவைக்கும் அத்தொகுப்பு முழுவதும் உழைப்பைப் பற்றியது. அலுவலகப் பெண் ஊழியரின் குறைகளைப் பாடும் தலைப்புப் பாடலோடு, மேர்ல் ட்ராவிஸின் சுரங்கப் பாடலும் அதிலுண்டு. 1948 இல் நாடு கடத்தப்படுகையில் விமான விபத்தில் மாண்ட 28 மெக்சிக்கப் பண்ணைத் தொழிலாளரைப் பற்றி வூடி கத்ரி எழுதியதும் அதிலுண்டு. ஓசை மலையிலிருந்து மிகத் தொலைவிற் சென்றிருந்தபோது உள்ளடக்கம் மலை மக்களின் வாழ்வுக்கு மிக அண்மையில் நின்றது; ஓசை மலைக்குத் திரும்பியபோது உழைப்பு பாடலிலிருந்து மறைந்துவிட்டது.

இதனை வைத்துப் பிந்திய தொகுப்புகளைப் பிற்போக்கானவையெனத் தள்ளிவிடுதல் அவசரமாகும். உழைப்பு மறைந்த இடத்திற் பெண்ணின் துயர் முன்னிலும் ஆழமாக வந்து அமர்ந்துள்ளது. ‘சில்வர் டகர்’, ‘டவுன் ஃபுறொம் டோவர்’, கைவிடப்பட்டுச் சித்தங்கலங்கிய பெண்ணைப் பாடும் ‘மௌண்டன் ஏஞ்சல்’ ஆகிய மூன்றையும் ஒருசேரக் கேட்பவர், அவை வெறும் காதற்றோல்விப் பாடல்களல்ல என்பதை உணர்வர். குடும்பமும் ஊரும் தேவாலயமும் சேர்ந்து ஒரு பெண்ணை எவ்வாறு தனிமைப்படுத்துகின்றன என்பதே அவற்றின் பொருள். தாயின் அடுக்களைப் பாடல் பார்ட்டனுக்குக் கற்பித்தது இதுதான். மன்றோவின் மேடையில் இதற்கு அதிக இடமிருந்ததில்லை. ‘வேர்’ என்ற சொல்லை வைத்திருக்கத்தான் வேண்டுமெனில், அதனைப் பாஞ்சோவின் ஓசையிலன்றி இப்பாடல்களின் பெண்களிடத்தே தேடுதல் தகும்.

2002 இல் வந்த ‘ஹேலோஸ் அன்ட் ஹோர்ன்ஸ்’ பார்ட்டன் தாமே தயாரித்தது. நாஷ்வில்லின் நட்சத்திரக் கலைஞர்களை விடுத்துத் தமது பகுதியின் வாத்தியக் கலைஞர்களைப் பெருமளவு சேர்த்துக்கொண்டமையால் வாசிப்பில் ஓர் இயல்பு வந்தது, போட்டியோட்டம் ஒழிந்தது. ஆனால் தெரிவிற் கட்டுப்பாடும் ஒழிந்தது. லெட் செப்பலின் குழுவின் ‘ஸ்ரெயார்வே ரு ஹெவின்’ பாடலைத் தேவாலயக் கூட்டுக்குரலோடு பாடிய முயற்சி, துணிவுக்காக மெச்சத்தக்கதே தவிர மீண்டும் மீண்டும் கேட்கத்தக்கதன்று. பின்னர் அவர் இப்பாணியில் தொடர்ந்து நிலைக்கவில்லை. 2008 இன் ‘பக்வூட்ஸ் பாபி’யில் வணிகக் கன்ட்ரி இசைக்கும், 2023 இன் ‘றொக்ஸ்டா’ரில் றொக் இசைக்கும் சென்றார். வீடு திரும்பிய மகள் மறுபடியும் புறப்பட்டுவிட்டாள் என்று அக்கதையை விரும்புவோர் வருந்தலாம்.

மூன்றாவது தொகுப்பிலுள்ள ‘தீஸ் ஓல்ட் போன்ஸ்’ மட்டும் தனித்துக் கூறத்தக்கது. எலும்புகளை உருட்டிக் குறிசொல்லும் மலைப்புறக் கிழவியொருத்தியின் கதை அது. கிழவியின் பேச்சைப் பார்ட்டன் பல்லில்லாத வாயின் குழறலோடும் மலைவழக்கின் இழுவையோடும் தாமே நடித்துப் பாடுகின்றார். கதை சொல்லும் பெண்ணின் குரலோ அவருடைய வழமையான தெளிந்த குரல். முதற்கேள்வியில் அது கிராமத்தவரைக் கேலிசெய்யும் பழைய மேடைப் பகிடியாகவே தோன்றும். டொலிவூட் பூங்காவுக்கு வரும் நகரத்தார் கண்டு சிரிக்கும் மலைக்கிழவியின் உருவம் அதில் உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனாற் பாடல் செல்லச்செல்ல இரு குரல்களும் நெருங்கி, கிழவியின் வரம் இளையவளைச் சேரும் கட்டத்தில், நடிப்பு எங்கே நின்றது, நினைவு எங்கே தொடங்கியது என்பதைப் பாடகியே வரையறுக்க விரும்பவில்லை.